ரேஞ்ச் 780 மீட்டர் என்றால் வட்டமும் 780 மீட்டரா?

வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள் படங்களில் வேரியோகிராம் (தூரம் கூடக் கூடப் பிக்சல் மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வளைவு) போடுகிறவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான கடிதங்கள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ரேஞ்ச், அதாவது அந்த வளைவு ஏறாமல் நிற்கத் தொடங்கும் தூரம், என்று ஒரு எண் கிடைத்துவிட்டது, அதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?

கேள்வி: அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கார்டன் சிட்டி பக்கத்தில் இருக்கும் வட்ட வயல்களை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதுகிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஜூலை மாதப் படம், 10 மீட்டர் பிக்சல், என்டிவிஐ (பயிர் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று காட்டும் குறியீடு) கணக்கிட்டு வேரியோகிராம் போட்டேன். ஸ்பெரிக்கல் மாடல் (வளைவின் மேல் பொருத்தும் ஒரு சமன்பாடு) பொருத்தினால் ரேஞ்ச் 780 மீட்டர் வருகிறது. "இப்பகுதியில் வயலின் சராசரி விட்டம் 780 மீட்டர்" என்று எழுதினேன். கைடு அந்த வரியை அடித்துவிட்டார், ஏன் என்று சொல்லவில்லை. எண் சரியாகத்தானே இருக்கிறது? – ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: கைடு அடித்தது சரிதான். காரணம் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

வேரியோகிராம் செய்கிற வேலை ரொம்ப எளிமையானது. குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் பிக்சல் ஜோடிகளை எல்லாம் எடுக்கும், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தும், சராசரி பார்த்து அதைப் பாதியாக்கும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் ஜோடிகளுக்கு ஒரு எண், 20 மீட்டருக்கு ஒரு எண், அப்படியே போட்டுக்கொண்டு போனால் ஒரு வளைவு கிடைக்கும். பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் வளைவு தாழ்வில் தொடங்கி, தூரம் கூடக் கூட ஏறி, ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிடும். நிற்கிற உயரம் சில், நிற்கத் தொடங்கும் தூரம் ரேஞ்ச். இந்தக் கணக்கில் வயல் என்று ஒன்று எங்கேயாவது வந்ததா? வரவில்லை. வரப்போ வட்டமோ பயிரோ எதுவும் வேரியோகிராமுக்குத் தெரியாது, ஜோடிகளின் வித்தியாசம் மட்டும்தான் தெரியும். ஆகவே ரேஞ்ச் சொல்வது, இவ்வளவு தூரத்துக்கு மேல் போனால் ஒரு பிக்சலின் மதிப்பை வைத்து இன்னொரு பிக்சலின் மதிப்பை ஊகிக்க முடியாது என்பதை மட்டும்தான். அது ஒற்றுமை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதன் அளவு. பொருளின் அளவு என்பது அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு, அந்த முடிவுக்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

சரி, அப்படியானால் 780 என்ற எண் வட்டத்தின் விட்டத்துக்கு எப்படி இவ்வளவு பக்கத்தில் வந்தது? தற்செயலாக இல்லை. அந்த ஊர்ப் பக்கம் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக, அதாவது 1,609 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாக, அளந்து பிரித்தார்கள். அதில் கால் பங்கு அரை மைல் சதுரம், பக்கம் 805 மீட்டர். ஃபிராங்க் ஸைபாக் 1952-ல் காப்புரிமை பெற்ற சுழல் பாசனக் கருவி இந்தச் சதுரத்தின் நடுவில் நின்று சுமார் 400 மீட்டர் நீளமுள்ள குழாயைச் சுற்றிக்கொண்டே வருகிறது, ஒகலாலா நிலத்தடி நீர் அதன் வழியாகத்தான் பயிருக்குப் போகிறது. வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 800 மீட்டர், நாலு மூலைக்கும் தண்ணீர் எட்டாது, சதுரத்தில் 21 சதவீதத்துக்குச் சற்று அதிகமான இடம் அப்படி விடுபடும். உங்கள் ஜூலைப் படத்தில் மக்காச்சோள வட்டங்கள் நல்ல பச்சையாக இருக்கும், குளிர்காலக் கோதுமை போட்ட வட்டங்களில் அறுவடை முடிந்து தாள்தான் கிடக்கும். இந்த வட்டத்தில் சோளம் இருக்கிறது என்பதால் அடுத்ததிலும் சோளம்தான் என்று சொல்ல முடியாது. ஒரே அளவு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மற்றதோடு தொடர்பில்லாத மதிப்பு என்று இரண்டும் சேர்ந்துவிட்டால் வளைவு வட்டத்தின் விட்டத்தில்தான் சமமாகும், இதைக் கணிதமாகவே நிறுவலாம். உட்காக், ஸ்ட்ராலர், ஜப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1988-ல் செயற்கையாக உருவாக்கிய படங்களையும் நிஜப் படங்களையும் வைத்து இதைத்தான் விளக்கினார்கள்: படத்தில் இருக்கும் பொருட்களின் அளவுக்கும் ரேஞ்சுக்கும் தொடர்பு உண்டு, அவை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்பது சில்லைப் பாதிக்கும்.

ஆக, கார்டன் சிட்டி உங்களுக்குச் சாதகமான இடம். ஆனால் அங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வட்டத்தின் விட்டமும், ஒரு வட்டத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒரே எண். உங்கள் 780 இதில் எதைச் சொல்கிறது? வளைவின் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, சில வட்டங்களில் பாதிக்கு ஒரு பயிர், மறுபாதிக்கு வேறு பயிர் போட்டிருப்பார்கள், அவை ரேஞ்சைக் கீழே இழுக்கும்.

இன்னும் முக்கியமானது அந்த "சராசரி" என்ற வார்த்தை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் 800 மீட்டர் பக்கமுள்ள சதுர வயல் ஒன்று, 100 மீட்டர் பக்கமுள்ள வயல் ஒன்று என்று எண்ணிக்கையில் சரிபாதியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்க நீளங்களின் சராசரி 450. ஆனால் பெரிய வயலின் பரப்பு சின்னதைப் போல 64 மடங்கு, அதாவது படத்தில் இருக்கும் பிக்சல்களில் 98 சதவீதத்துக்கு மேல் பெரிய வயல்களுக்குள் கிடக்கும். வேரியோகிராம் பிக்சல்களைத்தான் எண்ணுகிறது, வயல்களை எண்ணுவதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் ரேஞ்ச் 800-க்குப் பக்கத்தில் இருக்கும், 450-க்குப் பக்கத்தில்கூட வராது. சின்ன வயல்கள் இருப்பதே தெரியாமல் போகும். இதுவே பரப்பில் பாதிப் பாதி என்றால் கதை வேறு: வரப்பை ஒட்டிய திசையில் பார்த்தால் வளைவு முதல் 100 மீட்டருக்குள்ளேயே சில்லில் 56 சதவீதம் ஏறிவிடும், அப்புறம் மெதுவாக 800 வரை போகும். அந்த முறிவைக் கண்ணால் பார்க்காமல் ஒற்றை ஸ்பெரிக்கல் மாடலைப் பொருத்தினால் இரண்டுக்கும் நடுவில், எந்த வயலுக்கும் சொந்தமில்லாத ஒரு எண் வரும். அந்த மாதிரி எண்களை "சராசரி வயல் அளவு" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

உங்கள் வரியை இப்படி மாற்றுங்கள்: "ஜூலைப் படத்தில், 10 மீட்டர் பிக்சலில், என்டிவிஐ மதிப்புகளுக்கு இடையிலான இடத்தொடர்பு சுமார் 780 மீட்டரில் முடிகிறது, இது நில அளவைச் சதுரத்தின் 805 மீட்டரோடும் பாசன வட்டத்தின் விட்டத்தோடும் பொருந்துகிறது." கூடவே படத்திலேயே சில வட்டங்களை அளந்து ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள், அதுதான் நான் மேலே கேட்ட தனி ஆதாரம்.

கேள்வி: எனக்கும் இதே மாதிரி வட்ட வயல் படம்தான். வளைவு ஏறி, 800 மீட்டரை ஒட்டி லேசாக இறங்கி, மறுபடி ஏறி, 1,600 பக்கத்தில் திரும்ப இறங்குகிறது. கணக்கில் பிழையா? – வாசகர், மதுரை

பதில்: பிழை இல்லை, நல்ல சேதி. காய்ந்த மூலையில் இருந்து நேர் கிழக்கே 805 மீட்டர் போனால் இன்னொரு காய்ந்த மூலையில்தான் போய் நிற்பீர்கள். அந்தத் தூரத்தில் உள்ள ஜோடிகளில் மூலைக்கு மூலையே அமைவதால் வித்தியாசம் குறைகிறது, வளைவில் பள்ளம் விழுகிறது. ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் எந்த அமைப்பிலும் இது நடக்கும், வரிசையாக நட்ட தோட்டம், மணற்குன்று வரிசை எல்லாவற்றிலும்.

முந்தைய பதிலில் விட்டமா இடைவெளியா என்று பிரிக்க முடியாது என்றேனே, அதற்கு உதவுவது இந்தப் பள்ளம்தான். முதல் ஏற்றம் பொருளின் அளவோடு சம்பந்தப்பட்டது, பள்ளம் விழும் தூரம் இடைவெளியைச் சொல்கிறது. எல்லாத் திசையையும் கலந்து ஒரே வளைவாகப் போடாதீர்கள். கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு, மூலைவிட்டத் திசை என்று தனித்தனியாகப் போடுங்கள். முதல் இரண்டிலும் பள்ளம் 805-ஐ ஒட்டி வர வேண்டும், மூலைவிட்டத்தில் 1,138-ஐ ஒட்டி. அப்படி வந்தால் கட்ட அமைப்புதான் காரணம் என்று தைரியமாக எழுதலாம். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதையும் பாருங்கள்: எல்லா வட்டத்திலும் ஒரே பயிர் என்றால் ஆழமாக இறங்கும், பயிர்கள் கலந்து கிடந்தால் லேசாகத்தான் தெரியும். ஸ்பெரிக்கல் மாடலுக்கு இறங்கத் தெரியாது, அதனால் மாடலை முதல் ஏற்றத்துக்கு மட்டும் பொருத்துங்கள்.

கேள்வி: ஒரே படம், ஒரே எக்ஸ்பொனென்ஷியல் மாடல். ஆர் மொழியில் ஜிஸ்டாட் தொகுப்பு 260 மீட்டர் என்கிறது, பைத்தானில் பைக்ரிஜ் தொகுப்பு 780 என்கிறது. எதை நம்புவது? – வாசகர், சென்னை

பதில்: இரண்டும் ஒன்றேதான், 260-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள். எக்ஸ்பொனென்ஷியல் வளைவு சில்லை எந்தத் தூரத்திலும் முழுசாகத் தொடுவதில்லை, நெருங்கிக்கொண்டே போகும். அதனால் சில்லில் 95 சதவீதத்தை எட்டும் தூரத்தை நடைமுறை ரேஞ்ச் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஜிஸ்டாட் தருவது சமன்பாட்டில் இருக்கும் அளபுரு, அதன் மூன்று மடங்குதான் நடைமுறை ரேஞ்ச். பைக்ரிஜ் அந்த மூன்றைச் சமன்பாட்டுக்குள்ளேயே போட்டுவிட்டது. ஸ்பெரிக்கலில் இந்தத் தொல்லை இல்லை, வளைவு சில்லைத் தொடும் இடமே ரேஞ்ச். காஸியனில் ஜிஸ்டாட் தரும் எண்ணை ஏறத்தாழ 1.73-ஆல் பெருக்க வேண்டும். அடுத்தவர் கட்டுரையில் இருக்கும் ரேஞ்சோடு உங்கள் ரேஞ்சை ஒப்பிடுவதற்கு முன் அவர் எந்த மாடல், எந்த மென்பொருள் என்று தேடிப் பாருங்கள். அது எழுதப்படாத கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடாமல் இருப்பதே மேல்.

கேள்வி: ரேஞ்ச் 0.0072 என்று வருகிறது. மீட்டரா கிலோமீட்டரா? – மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் இல்லை, டிகிரி. படம் அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பதும் கான்சஸ் படம் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே 38 டிகிரி வடக்கில் வடக்கு-தெற்காக ஒரு டிகிரி 111 கிலோமீட்டர், கிழக்கு-மேற்காகச் சுமார் 88 தான். அதனால் உங்கள் 0.0072 ஒரு திசையில் 800 மீட்டர், இன்னொரு திசையில் 630. படத்தை யுடிஎம் (மீட்டரில் அளக்கும் வரைபட அமைப்பு) 14 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு முதலில் இருந்து போடுங்கள்.

கேள்வி: சென்டினல் படத்தில் 800-ஐ ஒட்டி வந்த ரேஞ்ச், அதே இடத்து 250 மீட்டர் பிக்சல் உள்ள மோடிஸ் உணர்கருவிப் படத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. நிலம் ஒன்றுதானே, எண் ஏன் மாறுகிறது? – கல்லூரி ஆசிரியர், சேலம்

பதில்: நிலம் ஒன்றுதான் ஐயா, நீங்கள் அளப்பது நிலத்தை அல்ல, நிலத்தைப் பிக்சல் பிக்சலாகச் சராசரி எடுத்துப் போட்ட படத்தை. இந்தக் கணக்கின் ஊற்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள். டேனி கிரிஜ் 1951-ல் அங்கே செய்த வேலையை எடுத்துக்கொண்டு ஜார்ஜ் மாதெரோன் 1960-களில் முழுக் கோட்பாடாக வளர்த்தார். சுரங்கத்தில் எடுக்கும் மாதிரி ஒரு சின்னத் துண்டுப் பாறை, சுரங்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு புள்ளி. பிக்சல் புள்ளி இல்லை. மோடிஸின் ஒரு பிக்சல் ஆறு ஹெக்டேருக்கு மேல், அதற்குள் இருக்கும் வேற்றுமை எல்லாம் ஒரே எண்ணாகக் கரைந்துவிடுகிறது.

அதனால் இரண்டு விஷயம் நடக்கும். சில் இறங்கும், ஏனென்றால் உள்ளே இருந்த வேற்றுமை போய்விட்டது. ரேஞ்ச் ஏறும், தோராயமாகப் பிக்சலின் அகலம் அளவுக்கு, ஏனென்றால் வட்டத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டிருக்கும் பிக்சல் உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறது. 800-உம் 250-உம் 1,050 என்று போட்டால் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இது பொருள் பிக்சலைவிடப் பெரிதாக இருக்கும்போது மட்டும். 100 மீட்டர் வயல்கள் உள்ள இடத்தில் மோடிஸ் போட்டால் வயல் என்ற அடுக்கே வளைவில் இருந்து காணாமல் போய், அதற்கு மேல் உள்ள ஏதோ ஒன்று, மண் வகையோ பாசனப் பகுதியோ, ரேஞ்சாக வந்து நிற்கும். எண் என்னமோ அழகாகத்தான் வரும், அது வயலைப் பற்றிய எண்ணாக இருக்காது. பிக்சல் ரேஞ்சில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று நடைமுறையில் சொல்வது இதனால்தான்.

பிக்சலை நம்பி ஏமாறும் இன்னொரு இடம், மறுமாதிரி எடுத்த, அதாவது வேறு பிக்சல் அளவுக்கு மாற்றிய, பேண்டுகள் (படத்தின் அலைநீளப் பட்டைகள்). சென்டினல்-2-ல் 11-ஆம் பேண்ட் 20 மீட்டர், அதை 10 மீட்டராக மாற்றி வைத்துக்கொண்டால் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றில் இருந்து ஒன்று கணக்கிட்டவையாகிவிடும், வளைவின் ஆரம்பம் செயற்கையாகத் தாழும், நக்கெட் (தூரம் பூஜ்யத்தை நெருங்கும்போது வளைவு நிற்கும் உயரம்) பூஜ்யம் என்று காட்டும். லேண்ட்சாட் 8-ன் வெப்பப் பேண்ட் இன்னும் மோசம், உணர்கருவி அளப்பது 100 மீட்டரில், கையில் கிடைப்பது 30 மீட்டர் பிக்சலில். "வெப்பநிலையின் ரேஞ்ச் என்டிவிஐயின் ரேஞ்சைவிடப் பெரிது, எனவே வெப்பம் பரவலாக இருக்கிறது" என்று எழுதுவதற்கு முன், என்டிவிஐயையும் 100 மீட்டருக்குச் சராசரி எடுத்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடலாம்.

கேள்வி: மே மாதப் படத்துக்கும் ஜூலைப் படத்துக்கும் தனித்தனி ரேஞ்ச் எழுத வேண்டுமா? – வாசகி, ஈரோடு

பதில்: எழுதுங்கள், ஆனால் வித்தியாசம் சில்லில்தான் அதிகம் இருக்கும். மே மாதத்தில் கோதுமை பச்சை, மக்காச்சோளம் அப்போதுதான் முளைத்திருக்கும். ஜூலையில் நேர்மாறு. வட்டங்கள் இடம் மாறவில்லை, எந்த வட்டம் பச்சை என்பதுதான் மாறியது, ஆகவே ரேஞ்ச் பெரிதாக அசையாது. எல்லாம் மங்கிக் கிடக்கும் குளிர்காலப் படத்தில் சில் ரொம்பத் தாழ்ந்துவிடும், அப்போது படத்தின் இரைச்சலே வளைவில் பாதியாக நிற்கும், பொருத்தம் தரும் ரேஞ்சை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: என் படம் 60 கிலோமீட்டர் அகலம். வளைவு எவ்வளவு தூரம் போனாலும் சமமாவதே இல்லை. மாடல் பொருத்தினால் ரேஞ்ச் 90 கிலோமீட்டர் என்கிறது. – மாணவர், தஞ்சாவூர்

பதில்: 60 கிலோமீட்டர் படத்தில் இருந்து 90 கிலோமீட்டர் ரேஞ்ச் வர வழியே இல்லை. அது மாடல் தன் போக்கில் கோட்டை நீட்டிப் போட்ட எண், தூக்கிப் போடுங்கள். வளைவு நிற்காமல் ஏறுகிறது என்றால் படத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு மதிப்பு மெல்ல மாறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். கார்டன் சிட்டியையே எடுத்துக்கொண்டால் ஆர்கன்சஸ் ஆற்றுக்குத் தெற்கே மணல்மேடும் மேய்ச்சல் புல்லும், வடக்கே பாசன வட்டங்களும். இரண்டையும் ஒரே படத்தில் வெட்டிப் போட்டால் தூரமான ஜோடிகளில் ஒன்று மணலில், ஒன்று சோளத்தில் விழும்.

ஒரு சமதளத்தைப் பொருத்திக் கழித்துவிடலாம், பலரும் செய்வது அதுதான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, மணல்மேடு ஆற்றங்கரையில் திடீரென்று தொடங்குகிறது, சாய்தளமாக மாறிக்கொண்டு வரவில்லை. ஆற்றுக்கு வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு என்று படத்தைப் பிரித்து இரண்டு வேரியோகிராம் போடுவதுதான் நேர்மையான வழி. தூரத்தையும் படத்தின் பாதி அகலத்துக்கு மேல் நீட்டாதீர்கள், வயல் அளவுதான் கேள்வி என்றால் 3 கிலோமீட்டரே தாராளம். மேகத்தையும் மேக நிழலையும் மறைத்தீர்களா என்று ஒரு முறை சரிபாருங்கள், வித்தியாசத்தை வர்க்கப்படுத்துவதால் சின்ன மேகக் கூட்டம்கூட வளைவையே தூக்கிவிடும்.

கேள்வி: பயிர் வகைப்பாடு செய்கிறேன். பயிற்சிப் பிக்சல்களையும் சோதனைப் பிக்சல்களையும் குலுக்கல் முறையில் பிரித்தேன். வேரியோகிராம் போட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கும் ரேஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? – மாணவி, திருச்சி

பதில்: ரேஞ்ச் நேரடியாகப் பயன்படும் இடமே இதுதான், பொருளின் அளவு என்ன என்ற சண்டைகூட இங்கே தேவையில்லை. 400 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் 10 மீட்டர் பிக்சல்கள் ஐயாயிரத்துக்குச் சற்று மேல் இருக்கும். குலுக்கிப் பிரித்தால் ஒரே வட்டத்தின் பிக்சல்கள் பயிற்சியிலும் விழும், சோதனையிலும் விழும். ரேஞ்சுக்குள் இருக்கும் பிக்சல்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் உங்கள் மாடல் ஏற்கெனவே பார்த்த வயலையே மறுபடி பார்த்துச் சரியாகச் சொல்கிறது, பக்கத்து மாவட்டத்தில் அந்தத் துல்லியம் வராது.

படத்தை ரேஞ்சைவிடப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகப் பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒதுக்குங்கள். கான்சஸில் ஒரு மைல் சதுரமே வசதியான கட்டம், நாலு வட்டம் முழுசாக உள்ளே அடங்கும், எந்த வட்டமும் இரண்டு பக்கம் பிளவுபடாது. உங்கள் படம் வேறு ஊர் என்றால் உங்கள் ரேஞ்ச் என்னவோ அதில் இரண்டு மடங்கு பக்கம் உள்ள கட்டம் போடலாம். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் ஒன்று பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போனால் எல்லையை ஒட்டிய பிக்சல்கள் அப்போதும் ரேஞ்சுக்குள்தான் இருக்கும், அங்கே ஒரு ரேஞ்ச் அகலத்துக்குப் பட்டை ஒன்றை இரண்டிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.